கேட்காத கேள்விக்குப் பதில்

மழை பெய்தால் எங்கள் வீட்டில் ஒரு கொலை விழும்.

ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு மழை என்றால் வேலை இல்லாத நாள். நனைந்த மரத்தில் கத்தி வைக்க முடியாது. வெட்டினாலும் பால் சிரட்டைக்குள் விழாமல் மரத்தோடு வழிந்து போய்விடும். இலங்கையில் எங்கள் குருவிட்டப் பக்கத்து மழைக்கு நேரம் காலம் கிடையாது. காலையில் கூரைத் தகரத்தில் சடசடவென்று விழ ஆரம்பித்தால், பால் வெட்டப் புறப்பட்டு நின்ற அம்மா தலையில் கட்டிய துணியை அவிழ்த்துக் கொடியில் போடுவாள். அடுப்பை மூட்டித் தேத்தண்ணீர் வைப்பாள். பிறகு சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டு, "எடு புள்ள அந்தப் பொஸ்தகத்த. இன்னைக்கு யாரு செத்தான்னு பாப்போம்" என்பாள்.

அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. நான் படிப்பேன், அம்மா கேட்பாள். என்னைவிட மூன்று வயது மூத்த அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்பாள். அப்பா மூலையில் போர்வைக்குள் கிடந்து, தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று காட்டிக்கொள்வார். நான் மூச்சு வாங்க நிறுத்தினால் மட்டும் "அப்பறம் அந்த டிரைவர் எங்க போனான்?" என்று போர்வைக்குள்ளிருந்து கேட்பார்.

நாவல்கள் குருவிட்ட பஜாரிலிருந்து வந்தன. அங்கே பலசரக்குக் கடை வைத்திருந்த முதலாளியின் மனைவிக்கு இந்தியாவிலிருந்து மாத நாவல்கள் வரும். உள்ளங்கை அகலப் புத்தகம், பழுப்புத் தாள், அட்டையில் கொஞ்சம் ரத்தமும் ஒரு பெண்ணின் பாதி முகமும். அவர் படித்து முடித்ததை ஞாயிற்றுக்கிழமை சாமான் வாங்கப் போகும் எங்களுக்குத் தருவார். எண்ணெய்க் கறை படாமல் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை. எல்லா வகையும் அவரிடம் இருந்தன. நாங்கள் கேட்டு வாங்கியது பெண் துப்பறியும் கதைகளை மட்டும்.

ஆண் துப்பறியும் கதையை அம்மா ஒரே ஒரு தடவை கேட்டாள். "இவன் சிகரெட்டக் குடிச்சிக்கிட்டு மோட்டுவளையப் பாத்து யோசிக்கிறான். அடுப்படியில இருக்கிற பொம்பளைகிட்ட ஒரு வார்த்த கேக்கல. இவன் எப்பிடிக் கண்டுபிடிப்பான்?" என்று சொல்லி அதோடு அவனை அனுப்பிவிட்டாள்.

எங்கள் துப்பறியும் பெண் அப்படியில்லை. ஸ்கூட்டரில் போவாள். கத்தியோடு வருகிறவனை அடித்து வீழ்த்துவாள், அழுகிறவளுக்குத் தண்ணீரும் கொடுப்பாள். முதலில் போய் நிற்பது சமையற்கட்டில்தான். அவளுக்குக் கதையில் ஒரு பெயர் இருந்தது, ஆனால் எங்கள் வீட்டில் யாரும் அதைச் சொன்னதில்லை. 'அந்தப் பொண்ணு' என்றால் அவள்தான். பெரிய பங்களாக்காரனைப் பார்த்து, "நேற்று மாலை எங்கே இருந்தீர்கள்?" என்று கேட்பாள். அவன் கையைப் பிசைந்துகொண்டு பதில் சொல்வான். கணக்கப்பிள்ளை முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற எங்களுக்குக் கொலையைவிட இதுதான் ஆச்சரியம். அம்மாவுக்கு அவள்மேல் பாசம், ஆனால் கேலிக்கும் குறைவில்லை. "கல்யாணம் கட்டியிருந்தா இந்நேரம் சோறு வடிச்சிக்கிட்டு இருப்பா. கொலகாரனெல்லாம் தப்பிச்சிருப்பானுக" என்பாள்.

உண்மையில் எங்கள் வீட்டில் துப்பறிந்தது அம்மாதான். அந்தப் பொண்ணு இருபது அத்தியாயம் அலைந்து கண்டுபிடிப்பதை அம்மா ஐந்தாவது அத்தியாயத்தில் சொல்லிவிடுவாள். அவளிடம் ஒரே ஒரு விதி இருந்தது. "கேக்காததுக்குப் பதில் சொல்றான் பாரு, அவன்தான்." ஒரு கதையில் அந்தப் பொண்ணு குடிக்கத் தண்ணீர் கேட்கிறாள், கொண்டுவந்து கொடுத்த மைத்துனன், "நான் அன்னிக்கு ஊரிலேயே இல்லீங்க" என்கிறான். அம்மா கையைத் தட்டி, "முடிஞ்சிது. மிச்சத்த நீ ஒனக்காகப் படிச்சிக்க" என்று எழுந்து அரிசி களையப் போய்விட்டாள்.

கதையில் மட்டுமில்லை. ஒருமுறை எங்கள் சேவல் காணாமல் போயிற்று. பீலியடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து லயத்து வரிசை வீட்டுப் பெண் ஒருத்தி, "எங்க வீட்டுல இன்னைக்கு வெறும் கீரதான்" என்று தானாகவே சொன்னாள். அம்மா குடத்தை இறக்கி வைத்துவிட்டு நேரே அவள் வீட்டுக் கொல்லைக்குப் போய் இறகைப் பொறுக்கிக்கொண்டு வந்தாள்.

இப்படிப்பட்டவளுக்கு முன்னால்தான் நான் பொய் சொல்லப் பழகினேன்.

அது நாவலில் ஆரம்பித்தது. ஒரு கதையில் கடத்திக்கொண்டு போன குழந்தையைக் காப்பாற்ற அந்தப் பொண்ணு போய்ச் சேர்வதற்குள் குழந்தை செத்துவிடுகிறது. எழுதியிருந்தபடியே படித்தேன். அம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை. "அவ்வளவு தூரம் வண்டியில போயும் என்னா புண்ணியம்" என்று மட்டும் சொன்னாள். அடுத்த இரண்டு மழைக்கும் புத்தகத்தை எடுக்கச் சொல்லவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது. அந்தக் காலையும் தேத்தண்ணீரும் நின்றுபோய்விடுமோ என்ற பயம். அதிலிருந்து, கெட்ட முடிவுள்ள கதையின் கடைசிப் பக்கத்துக்கு வரும்போது புத்தகத்தைப் பார்த்தபடியே நானாக ஒரு முடிவைச் சொல்வேன். செத்தவர்கள் ஆஸ்பத்திரியில் கண் விழித்தார்கள். விஷம் குடித்தவள் வாந்தி எடுத்துப் பிழைத்தாள்.

அக்காவுக்கு இது தெரியும். எட்டாம் வகுப்போடு நின்றவள்தான் என்றாலும் நாவலை எனக்கு முன்னாலேயே படித்து முடித்துவிடுவாள். நான் மாற்றும்போது ஒரு பார்வை பார்த்துவிட்டு வெங்காயத்தில் குனிந்துகொள்வாள். ஒருநாள் பீலியடியில் சொன்னாள். "கதயத்தானே மாத்துற, பாவம் ஒண்ணுமில்ல பாப்பா. ஆனா எல்லாருக்கும் உயிர் குடுக்காத. மயானம் காலியாயிரும்." சொல்லிவிட்டு இரண்டு பேரும் குடம் கவிழும்படி சிரித்தோம்.

தொண்ணூறுகளின் நடுவில், அக்காவுக்குப் பதினெட்டு வயதாகும்போது, தோட்டத்தில் புதிதாகப் பேர் பதிவதை நிறுத்திவிட்டார்கள். பேர் பதியாதவருக்கு நிரந்தர வேலை இல்லை. மேல் டிவிசனிலிருந்து ஒரு அம்மா வந்தார். தோட்டத்துப் பெண் பிள்ளைகளைக் கொழும்பில் வீட்டு வேலைக்குச் சேர்த்துவிடுகிறவர். தோட்டம் முழுக்க அவரைப் 'பெரியம்மா' என்றுதான் கூப்பிடும். நல்ல வீடு, சிங்கள வீடு, வீட்டு ஐயா மாத்தியா கந்தோரில் ஆபீஸ் வேலை பார்க்கிறார், வீட்டம்மா நோனா அடிக்க மாட்டார் என்றார். போகும்போது வாசலில் நின்று ஒன்று சொன்னார். "ரெண்டு தீபாவளி கழியட்டும். நடுவுல இவ வந்துட்டான்னா சின்னவள அனுப்பிடணும். வீட்டுக்கு ஆள் இல்லாம விடக்கூடாது, எனக்குப் பேர் கெட்டுப் போயிரும்."

அப்பா "சரிங்க" என்றார். அம்மா இரண்டு ஈரப்பலாக்காயைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு, பெரியம்மாவோடு கீழே போக்குப் பாலம் வரைக்கும் நடந்துபோய் வழியனுப்பிவிட்டு வந்தாள். மரியாதைக்காகப் போகிறாள் என்று நினைத்தேன்.

நான் இரத்தினபுரிக்குப் பஸ்ஸில் போய்ப் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் லயத்திலிருந்து அவ்வளவு தூரம் போய்ப் படித்த முதல் பெண் நான். டிசம்பரில் சாதாரண தரப் பரீட்சை. 'சின்னவள அனுப்பிடணும்' என்ற வார்த்தை பஸ்ஸில் போகும்போதெல்லாம் கூடவே வந்தது. அக்கா போன அன்றைக்கு அவளுக்காக அழுதேன். அழுகையின் நடுவிலேயே, இவள் திரும்பி வராமல் இருக்க வேண்டும் என்றும் நினைத்தேன். இரண்டும் ஒரே அழுகைக்குள் இருந்தன. இதை எழுதும்போது எனக்கு என்மேல் வருகிற ஆத்திரத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியவில்லை.

அக்காவின் கடிதங்கள் தோட்டத்துக் கந்தோருக்கு வரும். பால் நிறுக்கும் இடத்தில் கிளாக்கர் அம்மாவிடம் கொடுப்பார். அம்மா அதைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வருவாள். என்னைவிட அழகான எழுத்து. கடல் பார்த்தேன், நோனாவின் மகனுக்குப் பல் விழுந்தது, வெயில் தாங்கவில்லை என்று எழுதுவாள். கடைசியில் எனக்கென்று ஒரு வரி இருக்கும். 'அந்தப் பொண்ணு கதை புதிதாக வந்ததா? யாரைப் பிடித்தாள்?' என்று கேட்டிருப்பாள். அவள் போன பிறகு நாவலை எனக்கு முன்னால் படிக்க ஆளில்லை. என் பொய்யைப் பார்க்கவும் ஆளில்லை.

அந்தக் கடிதம் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. சாயங்காலம் பிரிக்கப் போனேன், அம்மா விடவில்லை. "வானம் கறுத்துக் கெடக்கு. நாளைக்கு நிச்சயம் மழ. காலையில கடுதாசி, அப்பறம் கத" என்று சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிட்டாள். பண்டிகைக்குப் பலகாரத்தை ஒளித்து வைக்கிற மாதிரி. சொன்னபடியே சனிக்கிழமை காலை மழை பிடித்துக்கொண்டது. அப்பா கடைத்தெருவுக்குப் போயிருந்தார். அம்மா தேத்தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு எனக்கு எதிரே உட்கார்ந்தாள். நான் கடிதத்தைப் பிரித்தேன்.

பத்து நாளாகக் காய்ச்சல் என்று எழுதியிருந்தாள். அம்மா வந்து கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்றும் எழுதியிருந்தாள். அதற்குக் கீழே எனக்கென்று ஒரு வரி இருந்தது. அதை அப்புறம் சொல்கிறேன்.

முதல் பார்வையிலேயே எல்லாவற்றையும் படித்துவிட்டேன். அக்கா வருவாள், நான் போக வேண்டும். பரீட்சைக்கு ஐந்து மாதம். காய்ச்சல்தானே, கடிதம் வந்து சேர்வதற்குள்ளேயே விட்டிருக்கும். எங்கள் லயத்தில் யாருக்குத்தான் காய்ச்சல் வரவில்லை. இவ்வளவும் ஒரு மடக்குத் தேத்தண்ணீர் குடிக்கிற நேரத்துக்குள் மனதில் ஓடி முடிந்துவிட்டது.

வாயைத் திறந்து படித்தேன். அக்கா சுகமாக இருக்கிறாள். நோனா புதுச் சட்டை வாங்கிக் கொடுத்தார். தீபாவளிக்கு லீவு கேட்டிருக்கிறாள். எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

படித்து முடித்து, "அவ்வளவுதாம்மா. வேற ஒண்ணும் எழுதல" என்றேன்.

அம்மா தேத்தண்ணீருக்கு மேலாக என்னைப் பார்த்தாள். "நா கேட்டேனாடி?" என்றாள். பிறகு சிரித்தாள். வாயை மூடிக்கொண்டு, கண்ணால் மட்டும் சிரிக்கிற சிரிப்பு. அந்தச் சிரிப்பு எனக்குப் புரியவில்லை. மாட்டாமல் தப்பித்தேன் என்று மட்டும் நினைத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, கடிதத்தை மடித்து நாவலுக்குள் வைத்துக்கொண்டு, பதினாலாவது அத்தியாயத்தைப் படிக்கத் தொடங்கினேன்.

அதோடு விட்டேனா என்றால் இல்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும். அன்று மத்தியானமே அக்காவுக்குப் பதில் எழுதினேன். 'அம்மாவிடம் சொல்லிவிட்டேன். மழை விட்டதும் வருவார்கள். மாத்திரை போட்டுக்கொண்டு தைரியமாக இரு.' திங்கட்கிழமை இரத்தினபுரியில் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் தபாலில் போட்டேன். ஒரு வாரம் பார்ப்போம், அடுத்த கடிதத்திலும் காய்ச்சல் என்றால் அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று எனக்கு நானே ஒரு தவணை வைத்துக்கொண்டேன். அதை நம்பவும் செய்தேன்.

அடுத்த கடிதம் வரவில்லை. இரண்டு வாரம் கழித்து ஒரு வேன் வந்தது.

வேனில் அக்காவை வைத்த பெட்டியோடு வந்தவர் அந்த வீட்டு மாத்தியா. வெள்ளைச் சட்டை முழுக்கக் கசங்கியிருந்தது. நான் அவரைப் பார்த்த உடனே கொலைகாரன் என்று தீர்மானித்தேன். துப்பறியும் கதை படித்த எனக்கு ஒரு கொலைகாரன் வேண்டியிருந்தது. பட்டினி போட்டார்களா, அடித்தார்களா, ஏன் சொல்லி அனுப்பவில்லை என்று மனதுக்குள் கேள்விகளை அடுக்கிக்கொண்டு, அந்தப் பொண்ணு மாதிரி அவரிடம் கேட்பதற்காகப் பக்கத்தில் போய் நின்றேன். அப்பா ஆண்களோடு குழி வெட்டும் இடத்துக்குப் போயிருந்தார். அம்மா பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள்.

நான் கேட்பதற்குள் அவரே அம்மாவிடம் சொன்னார். அம்மாவுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. காய்ச்சல் விடவில்லை, டாக்டரிடம் ஒருமுறை காட்டினோம், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நோனா கூப்பிட்டார், இவள் வர மறுத்துவிட்டாள் என்றார். வீட்டிலிருந்து வந்த கடிதத்தைக் காட்டினாளாம். அம்மா வருகிறார், அவரோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்றாளாம். நாங்களும் இன்றைக்கு வருவீர்கள், நாளைக்கு வருவீர்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தோம் என்றார். அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது நினைவு தப்பிவிட்டதாம். அந்த மனிதர் அழுதார். "அம்மா எனகங் இன்னவா கிவ்வா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அம்மா வரும்வரை இருக்கிறேன் என்று சொன்னாள் என்று அர்த்தம்.

அம்மா பெட்டியிலிருந்து தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள்.

"நான் ஒண்ணும் எழுதலம்மா" என்றேன்.

சொன்ன பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது. அம்மா என்னிடம் எதுவும் கேட்டிருக்கவில்லை. நின்றிருந்தவர்களில் யாரும் கேட்டிருக்கவில்லை. அம்மா பார்வையை எடுத்து, அக்காவின் கன்னத்தில் ஒட்டியிருந்த மயிரை ஒதுக்கிவிட்டாள்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் நாவல் படிக்கவில்லை. மழை வந்தால் அம்மா தலைத்துணியை அவிழ்க்காமலே வாசல்படியில் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருப்பாள். அப்பா ஒருமுறை போர்வைக்குள்ளிருந்து, "அந்தக் கத என்னாச்சு?" என்று கேட்டார். யாரும் பதில் சொல்லாததால் மறுபடி கேட்கவில்லை. கடைசி நாவலைக் கடைக்கார அம்மாவிடம் திருப்பிக் கொடுக்கவில்லை. தொலைந்துபோய்விட்டது என்றேன். "பரவாயில்ல, அக்கா போன துக்கத்துல இதுக்கா வருத்தப்படுறது" என்று அவர் என் தலையைத் தடவினார். அது தகரப் பெட்டியில் என் சான்றிதழ்களுக்கு அடியில் கிடந்தது, கடிதத்தோடு.

சான்றிதழ்கள் என்றேன் அல்லவா, ஆமாம். பரீட்சை எழுதினேன், பாஸானேன். உயர்தரமும் படித்தேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கே ஆசிரியையாக வந்தேன். அக்கா செத்த துக்கத்திலும் படித்து மேலே வந்த பிள்ளை என்று எல்லோரும் புகழ்ந்தார்கள். பள்ளிக்கூட விழாவில் ஒருவர் மேடையிலேயே அதைச் சொன்னார். அன்று வீட்டுக்கு வந்து சமைத்த சோற்றை அப்படியே நாய்க்குப் போட்டேன்.

அம்மா என்மேல் கோபப்பட்டிருந்தால் பிழைத்திருப்பேன். ஒருநாளும் கோபப்படவில்லை. காலையில் சோறு கட்டிக் கொடுத்தாள். காய்ச்சல் என்று நான் படுத்தால் விடிய விடிய நெற்றியில் கை வைத்துக்கொண்டிருந்தாள். சாதாரணமாக எல்லாம் பேசினாள். என்னிடம் எதையாவது கேட்பதை மட்டும் நிறுத்திவிட்டாள். சாப்பிட்டாயா என்று கூடக் கேட்க மாட்டாள், "சாப்புடு" என்பாள். எங்கே போனாய் என்று கேட்க மாட்டாள். "வந்துட்டியா" என்று தனக்குள் சொல்லிக்கொள்வாள். கேள்வியே இல்லாத வீட்டில் பன்னிரண்டு வருடம் இருந்தேன். நானாகவே வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். கேட்காததற்குப் பதில் சொல்ல எனக்கு அதற்குப் பிறகு நா எழவில்லை.

அப்பா காலமான பிறகு அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் பூ விழுந்தது. அது இடது கண்ணை ஏற்கெனவே மறைத்துவிட்டது. இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் வலது கண்ணுக்கு முதலில் ஆபரேஷன் என்று நாள் கொடுத்தார்கள். அதற்கு இரண்டு நாள் முன்னால், காலையில், நல்ல மழை. பள்ளிக்கூட லீவு. நான் தேத்தண்ணீர் வைத்துக் கொடுத்தேன். அம்மா அதை வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து காலை நீட்டினாள். அந்த மாதிரி அவள் உட்கார்ந்து பன்னிரண்டு வருடமாகியிருந்தது.

"அந்தக் கடுதாசிய எடு" என்றாள்.

எந்தக் கடிதம் என்று நான் கேட்கவில்லை. தகரப் பெட்டியைத் திறந்து நாவலை எடுத்தேன். கடிதம் பதினாலாவது அத்தியாயத்திலேயே இருந்தது.

"கிட்ட வந்து ஒக்காரு. கண்ணுல கத்தி வைக்கப் போறாங்க. பார்வ வருமோ, இருக்கிறதும் போயிருமோ. இப்பவே படி. உள்ளத உள்ளபடி படி."

அவள் முழங்காலில் என் முழங்கால் படும்படி உட்கார்ந்து படித்தேன்.

"பாப்பாவுக்கு அக்கா எழுதுறது. எனக்குப் பத்து நாளாக் காய்ச்சல். சோறு இறங்கல. குழாயடியில நிக்க முடியல. மாத்திரை குடுக்கிறாங்க, கேக்கல. நோனா நல்லவங்கதான், ஆனா எனக்கு இங்க பயமா இருக்கு. அம்மாவ உடனே வரச் சொல்லு. அம்மா வந்து கேட்டா விட்டுருவாங்க. பாப்பா, இத மட்டும் மாத்திப் படிச்சிறாத."

அம்மா, "நீ மாத்துறது அவளுக்குந் தெரியுமா?" என்றாள். பன்னிரண்டு வருடத்தில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி.

"தெரியும்மா."

"எனக்குந் தெரியும். படிக்கிறப்ப ஒன் கண்ணு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஓடும். மாத்துறப்ப நின்னுரும். ஒவ்வொரு கதையிலயும் கடைசிப் பக்கத்துல நிக்கும். எனக்காகத்தான மாத்துறன்னு விட்டுட்டேன்." சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கடுதாசி படிச்ச அன்னைக்கும் நின்னுச்சு. நா பாத்தேன். வேற ஒண்ணும் எழுதலன்னு கேக்காமயே சொன்ன. ஒளிக்கிறன்னு தெரிஞ்சிருச்சு. அவளுக்கு அங்கிட்டு யாரோ ஒரு பையன் பழக்கமாயிருக்கான், அப்பாவுக்குப் பயந்து நீ ஒளிக்கிறன்னு நெனச்சேன். வயசுப் புள்ள ஒளிக்க வேற என்னா இருக்கு. சந்தோசமா இருந்துச்சு புள்ள. இருந்துட்டுப் போறா, தீபாவளிக்கு வரட்டும், மெதுவாக் கேட்டுக்குவோம்னு விட்டுட்டேன்."

அந்தச் சிரிப்பு எனக்கு இப்போதுதான் புரிந்தது.

"அத்தன கதையில ஆளச் சொன்னேன். என் வீட்டுக்குள்ள கோட்ட விட்டுட்டேன்" என்றாள். பிறகு என் கையைப் பிடித்தாள். "நீ ஏன் புள்ள மாத்துன?"

நான் சொன்னேன். பெரியம்மா வாசலில் நின்று சொன்னதை, அப்பா சரி என்றதை, பரீட்சையை, அக்கா வந்தால் நான் போக வேண்டும் என்று பயந்ததை, அவளுக்கு நான் எழுதிய பதிலை, எல்லாவற்றையும் மாற்றாமல் சொன்னேன். அழுதுகொண்டுதான் சொன்னேன், அழுகையை ஒரு சாக்காகக் காட்ட வேண்டாம் என்று நடுநடுவே நிறுத்தியும் சொன்னேன்.

அம்மா யாரிடமோ கேட்பதுபோல மெல்லச் சொன்னாள்.

"ஒன்னய அனுப்பியிருக்க மாட்டேனே. போக்கு வரைக்கும் பெரியம்மாகூட நடந்துபோயி சொல்லிட்டு வந்தேனே, பெரியவ வந்தாலும் வரட்டும், சின்னவ படிக்கிற புள்ள, அவள அனுப்ப மாட்டேன்னு. அவளும் சரின்னாளே. ஒன்கிட்ட சொல்லணும்னு எனக்குத் தோணலியே."

எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. அவ்வளவுதான் விஷயம். லயத்து வாசலிலிருந்து போக்குப் பாலம் நூறு எட்டு இருக்காது.

தேத்தண்ணீர் ஆறி ஏடு கட்டியிருந்தது. வேறு வைக்கிறேன் என்று எழுந்தேன். அம்மா கையை விடவில்லை.

"இன்னொருக்காப் படி" என்றாள். "மெதுவாப் படி."

கடிதத்தை மறுபடி விரித்துப் பிடித்தேன். பாப்பாவுக்கு அக்கா எழுதுறது. அம்மா இன்னும் நெருங்கி வந்து, ஒரு கையால் என் தாடையைத் தூக்கி வெளிச்சத்துக்குத் திருப்பினாள். பூ விழுந்த கண்ணைச் சுருக்கிக்கொண்டு, நான் கடைசி வரிக்கு வரும்வரை என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.